கெப்பாசிட்டர் கசிவுக்கு ஓம் ரேஞ்ச் சோதனை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர்களைச் சோதிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அளவு ஏறிக்கொண்டே போய் எல்லையைத் தாண்டிவிட்டால் கெப்பாசிட்டர் நல்லது என்கிறது. 12 வோல்ட் சர்க்யூட்டுக்கு இது ஓரளவு உதவும். 250 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும் கெப்பாசிட்டருக்கு இந்தச் சோதனையை நம்பவே கூடாது.

ஓம் ரேஞ்சில் பெரும்பாலான மீட்டர்கள் கொடுப்பது 3 வோல்ட்டுக்கும் குறைவு. கசிவோ (கெப்பாசிட்டர் தடுக்க வேண்டிய நேர் மின்னோட்டம் அதன் வழியே சிறிது ஓடுவது) மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஈரம் இறங்கிய பழைய காகிதக் கெப்பாசிட்டர் 3 வோல்ட்டில் சாதுவாக இருக்கும், 250 வோல்ட்டில் தன் குணத்தைக் காட்டும். வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபயரில் இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முந்தைய வால்வின் ஆனோடுக்கும் (வெளியீட்டு முனை) அடுத்த வால்வின் கிரிட்டுக்கும் (கட்டுப்பாட்டு முனை) நடுவில் சிக்னலை மட்டும் கடத்த இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரில் 10 மைக்ரோஆம்பியர் கசிகிறது, கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரிட் 4.7 வோல்ட் நேர்ப்பக்கம் நகர்ந்துவிடும். ஈஎல்84 போன்ற அவுட்புட் வால்வுக்குத் தேவைப்படும் பயாஸே (கிரிட்டில் நிலையாக இருக்க வேண்டிய மின்னழுத்தம்) மைனஸ் 7.3 வோல்ட்தான். ஆனோடு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கூடவே போகலாம். வால்வை மாற்றினாலும் குறை அப்படியேதான் இருக்கும்.

ஆகவே கசிவை வேலை செய்யும் மின்னழுத்தத்திலேயே அளக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் வோல்ட் ரேஞ்சுக்கு உள்ளீட்டு மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். மீட்டரைக் கெப்பாசிட்டரோடு தொடராக இணைத்தால் அதுவே நானோஆம்பியர் மீட்டராகிவிடும்: 10 மில்லிவோல்ட் காட்டினால் 1 நானோஆம்பியர், 1 வோல்ட் காட்டினால் 100 நானோஆம்பியர். உயர் மின்னழுத்தச் சப்ளையின் பாசிட்டிவிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அடுத்து கெப்பாசிட்டர், அடுத்து மீட்டரின் சிவப்பு முனை. கறுப்பு முனை சப்ளையின் நெகட்டிவுக்கு. ஆட்டோ ரேஞ்சை அணைத்து, ரேஞ்சைக் கையால் வோல்ட்டில் நிறுத்துங்கள். சில மீட்டர்களில் மில்லிவோல்ட் ரேஞ்சின் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் அல்ல. அங்கே போனால் கணக்கு தவறிவிடும். சோதனையின் நடுவில் கெப்பாசிட்டர் உள்ளே ஷார்ட்டாகிப் பஞ்சரானால் சப்ளை முழுவதும் மீட்டர்மேல் விழும் என்பதால், அந்த ரேஞ்சில் 1000 வோல்ட் தாங்கும் மீட்டர்தானா என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டே ஆக வேண்டும். 10 மெகா ஓம் வழியாக 1 மைக்ரோஃபாரட் சார்ஜ் ஆகும் நேர மாறிலி (ஏறக்குறைய 63 சதவீதம் சார்ஜ் ஆகப் பிடிக்கும் நேரம்) 10 வினாடி. 600 வோல்ட்டில் தொடங்கி, சார்ஜிங் மின்னோட்டம் மட்டும் மீட்டரில் 1 மில்லிவோல்ட் காட்டும் அளவுக்கு இறங்கவே சுமார் 133 வினாடி பிடிக்கும். சுவிட்சை மூடி வைத்துச் சார்ஜ் செய்தால் 100 கிலோ ஓம் வழியாக இரண்டு வினாடியில் வேலை முடிந்துவிடும். ஒரு நிமிடம் கழித்துச் சுவிட்சைத் திறந்து, அளவு நிலைக்கக் கொஞ்சம் விட்டு அளவெடுங்கள்.

எடுத்த அளவு முழுவதும் கசிவு என்று உடனே எழுதிவிடக் கூடாது. மின்கடத்தாப் பொருள் மெதுவாக உள்ளிழுக்கும் மின்னோட்டமும் அதில் கலந்திருக்கும். இரண்டாவது நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் அது உள்ளிழுப்பு. ஓரிடத்தில் நின்றால் அதுதான் உண்மையான கசிவு. மின்னழுத்தம் மாறாமல் இருந்தும் ஏறினால் அந்தக் கெப்பாசிட்டர் குப்பைக்கு.

இங்கே பலரும் தடுமாறுவது சப்ளையில். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சப்ளை வினாடிக்கு 10 மில்லிவோல்ட் நகர்ந்தாலே 10 நானோஆம்பியர் ஓடும். 600 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட் என்பது கண்ணுக்கே படாத அளவு. நல்ல பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டருக்கு மின்காப்புத் தடையும் கொள்ளளவும் பெருக்கி 30,000 வினாடி என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்கள். அதன்படி 1 மைக்ரோஃபாரடுக்கு 30,000 மெகா ஓம், 600 வோல்ட்டில் கசிவு 20 நானோஆம்பியர்; அதாவது சப்ளையின் சிறு அசைவே அளவில் பாதியை அடித்துக்கொண்டு போய்விடும். மெயின்ஸிலிருந்து நேராக ரெக்டிஃபை செய்த சப்ளையில் எண் மேலும் கீழும் ஆடுவதற்கும், கையால் சுற்றும் மெகரில் (மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) முள் அலைவதற்கும் இதுவே காரணம். மீட்டர் மைனஸ் காட்டினால் சந்தேகமே வேண்டாம்: கசிவு ஒருபோதும் எதிர்த்திசையில் ஓடாது, சப்ளைதான் இறங்குகிறது. நிலைப்படுத்திய சப்ளை இல்லாமல் இந்த அளவீட்டில் இறங்குவது வீண் வேலை.

கெப்பாசிட்டரைப் போடுவதற்கு முன் வெறும் வயர்களோடு முழு மின்னழுத்தத்தையும் கொடுத்துப் பாருங்கள். 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் கசிவு போர்டிலோ வயரிலோ இருக்கிறது. கைரேகை, சால்டரிங் ஃப்ளக்ஸ், காற்றின் ஈரம் எல்லாமே பாதை போட்டுக் கொடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாக உலர விட்டபின், கெப்பாசிட்டரை எதன்மேலும் படாமல் காற்றில் தொங்கவிட்டு அளப்பதே நல்லது.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் (மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பாக இருக்கும் வகை) வேறு சாதி. அங்கே நானோ இல்லை, மைக்ரோ. மைக்ரோஃபாரடையும் வோல்ட்டையும் பெருக்கி 0.01-ஆல் பெருக்கினால் வருவது மைக்ரோஆம்பியரில் பரவலாகச் சொல்லும் உச்ச வரம்பு. 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்றால் 450 மைக்ரோஆம்பியர். சில உற்பத்தியாளர்கள் இதைவிடக் கூடுதலாகவும் அனுமதிப்பார்கள். உங்கள் கட்டுரையின் அட்டவணையில் வெப்பநிலையும் காத்திருந்த நேரமும் இல்லாததால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. 20 டிகிரி செல்சியஸில் எடுத்த அளவு 85 டிகிரியில் பல மடங்காகும்.

வருடக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக்கில் ஆக்சைடு படலம் பலவீனப்பட்டிருக்கும். அதை 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக 50 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்ட்டே கசிவைச் சொல்லிவிடும்: 450 மைக்ரோஆம்பியருக்கு அது 21 வோல்ட். ஒவ்வொரு படியிலும் அது இறங்கி நின்றபின் அடுத்த படிக்குப் போகலாம். கெப்பாசிட்டர் சூடானாலோ, இறங்காமல் அடம்பிடித்தாலோ விட்டுவிடுங்கள்.

உங்கள் கட்டுரையில் 800 வோல்ட்டுக்கு இரண்டு 450 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக்கைத் தொடராகப் போட்ட படத்தில் சமன் ரெசிஸ்டர்கள் (வோல்ட்டைச் சமமாகப் பங்கிட ஒவ்வொன்றின் குறுக்கேயும் போடுபவை) விடுபட்டுள்ளன. கசிவு குறைவாக உள்ள கெப்பாசிட்டர்மேல் கூடுதல் வோல்ட் ஏறும். இரண்டின் கசிவுக்கும் 0.3 மில்லிஆம்பியர் வித்தியாசம் இருந்தால், எதுவும் 450-ஐத் தாண்டாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 333 கிலோ ஓமுக்கு மேல் போகக் கூடாது. 220 கிலோ ஓம் போடலாம், அதில் 0.73 வாட் சூடாகும். 400 வோல்ட்டை ஒரே கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது. 2 வாட்டில் 110 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போடுவது பத்திரம்.

கடைசியாக, கட்டுரையில் கெப்பாசிட்டரின் சார்ஜை இறக்க ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யச் சொன்னதை அவசியம் திருத்துங்கள். 100 மைக்ரோஃபாரடில் 450 வோல்ட் என்றால் 10 ஜூல் இருக்கிறது. முதலில் மீட்டர் சுவிட்சை மூடி, சப்ளையை அணைத்து, 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வூண்ட் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் முனைகளுக்குக் குறுக்கே அரை நிமிடம் பிடிக்க வேண்டும். எடுத்தபின் உள்ளிழுத்த சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். எலக்ட்ரோலைட்டிக்கில் அது பத்தில் ஒரு பங்கு வரைகூட ஏறலாம், அதாவது 45 வோல்ட். மறுபடி வோல்ட் பார்த்து, மறுபடி இறக்கி, முனைகளை ஒரு வயரால் இணைத்து வைக்க வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது சர்க்யூட் படத்தில் இந்த டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரையும் வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்