இசைத்தட்டுப் பதிவில் இரைச்சல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் பதிவு செய்வோர் பலர், ஒலி மெலிந்து கீச்சென்று கேட்டதும் தட்டின் மேல் பழி போடுகிறார்கள். தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியுமே தட்டுகளில் ஒலி பதிக்கப்படுவதால், அதைச் சமன்செய்யும் போனோ பிரீஆம்ப் என்ற கருவி இல்லாமல் ரெக்கார்டு பிளேயரைக் கணினியின் மைக் இணைப்பில் நேரே செருகினால் அப்படித்தான் கேட்கும். விடாத ரீங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய எர்த் கம்பியைப் பிரீஆம்பின் திருகில் இறுக்கினால் அநேகமாக அடங்கிவிடும்.

பதிவளவு கணினியின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டியதால் முனை வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது. கீறல் ஒலி நீக்கும் மென்பொருளை நாடுமுன் தட்டைத் துடைப்பதே உத்தமம். ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை