பழைய காரைக் கிளப்பித் தந்த அண்ணனுக்கு நன்றி

சென்ற வெள்ளிக்கிழமை இரவு, பினாங்கு குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து திரும்பியபோது, 1996ஆம் ஆண்டில் அப்பா வாங்கிய எங்கள் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றியது; எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பேட்டரிதான் போய்விட்டது என்று நான் கலங்கி நின்றபோது, அருகில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த நீங்கள், இவ்வளவு நன்றாகச் சுற்றுகிற காருக்குப் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது, பெட்ரோலும் தீப்பொறியும் வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும் என்றீர்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கைவிளக்கு வெளிச்சத்தில் காட்டினீர்கள். முனை காய்ந்திருந்தது, பெட்ரோல் வாடையே இல்லை. தீப்பொறியோ நீல நிறத்தில் பளிச்சென்று வந்தது. "சாவிய ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, பின்னிருக்கையில் காதை வைத்துக் கேட்டீர்கள். ஓரிரு விநாடி கேட்க வேண்டிய பெட்ரோல் பம்பின் ரீங்காரம் கேட்கவில்லை. பலர் அப்போதே பம்பை மாற்றச் சொல்லியிருப்பார்கள். நீங்களோ, பம்புக்கு மின்சாரத்தை அனுப்பும் சுவிட்சான ரிலேயைச் சந்தேகித்து, அதன் உலோகக் கால்களும் ஹாரன் ரிலேயின் கால்களும் ஒரே அமைப்புதானா என்று சரிபார்த்தபின், ஹாரன் ரிலேயை எடுத்துப் பம்பு ரிலேயின் இடத்தில் பொருத்தினீர்கள். கார் உடனே பிடித்துக்கொண்டது.

பழைய ரிலேயைத் திறந்து, ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல் ஓடிய விரிசலை அப்பாவுக்குக் காட்டி, ஆண்டுக்கணக்கான சூட்டில் இப்படி ஆகும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அவர் நீட்டிய 50 ரிங்கிட்டை மறுத்து, பெயரும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டீர்கள். புதிய ரிலே போட்டாகிவிட்டது, அண்ணே, ஹாரனும் ஒலிக்கிறது. அப்பாவின் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.