வென்ற பிள்ளையிடமும் காரணம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளுக்கிடையிலான குடியரசு தினத் தடகளப் போட்டிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியில், தோற்றவர்களுக்கு 'அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை' என்றும், வென்றவர்களுக்கு 'பிறவியிலேயே வாய்த்த திறமை' என்றும் எழுதப்பட்டிருந்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இத்தகைய சொற்கள் பிள்ளைகளின் மனத்தில் என்ன செய்கின்றன என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் பயின்ற ஒரு மாணவி, குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றாள். செம்மண் அப்பிய காலோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளைப் பாராட்டியபோது, "நல்லா ஓடுற பிள்ளை இன்னைக்கு வரலை சார், அதான்" என்றாள். வீட்டிலோ, பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டது பலித்தது என்றார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் விடியற்காலையில் ஊருணிக் கரையைச் சுற்றிச் சுற்றி ஓடியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்து வருவாய் மாவட்டப் போட்டியில் ஆறாவதாக வந்தபோது, "எனக்கு அவ்வளவுதான் சார் வரும்" என்றாள். வெற்றியை யாருக்கோ கொடுத்துவிட்டுத் தோல்வியை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்.

காரணம் நமக்குள் இருக்கிறதா வெளியிலா, மாறக்கூடியதா மாறாததா, நம் கைவசம் உள்ளதா இல்லையா என்று நாம் எண்ணுவதைப் பொறுத்தே அடுத்த முயற்சி அமைகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பெர்னார்டு வைனர் விளக்கியிருக்கிறார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு முதன்மையான ஊற்று, முன்பு தானே செய்து முடித்த அனுபவம் என்று 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா எழுதினார். வென்றதைத் தன் செயலாகவே கருதாத பிள்ளைக்கு அந்த ஊற்று அடைபட்டுக் கிடக்கிறது. நம்பிக்கை இல்லாததால் வெற்றிக்கு அதிர்ஷ்டத்தைக் காட்டுகிறாள். அதிர்ஷ்டத்தைக் காட்டுவதால் வென்றும் நம்பிக்கை வளர்வதில்லை.

மூச்சுமுட்ட ஓடி வந்தவளிடம் 'இன்னும் முயன்றிருக்கலாம்' என்பதும் கொடுமையே. நான் ஸ்டாப்வாட்ச் கணக்கைக் காட்டினேன். மாவட்டப் போட்டியில் முதல் சுற்று 72 விநாடி, இரண்டாம் சுற்று 88; குறுவட்டத்தில் வென்ற நாளில் 77, 80. மாவட்டத்தில் முதல் சுற்றிலேயே வேகத்தைச் செலவழித்துவிட்டாள்; வென்ற நாளில் இரண்டு சுற்றையும் ஏறக்குறைய ஒரே சீராக ஓடியிருந்தாள். வராத பிள்ளையால் கிடைத்த வெற்றி அல்ல அது என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் நம்பினாள். மறு ஆண்டு மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவள், நான் கேட்குமுன்பே, "கடைசி 200-ல தோள் இறுகிப்போச்சு சார், கை வீசலை" என்றாள். அப்படி ஒரு பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோதும், கடைசி ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் செய்த பிழையை மட்டும் காட்டி, அதிர்ஷ்டம் என்றவர்கள் உண்டு. பன்னிரண்டாம் ஆட்டத்தில் தோற்றிருந்த குகேஷ், கடைசி ஆட்டத்தை டிராவில் முடித்துக்கொள்ளாமல் மணிக்கணக்கில் இழுத்து ஆடியதால்தான் அந்தப் பிழைக்கே இடம் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

ஆகவே, தங்கள் செய்தியாளர்கள் வென்ற பிள்ளையிடம் 'மகிழ்ச்சியா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், எதைச் செய்து வென்றாய் என்றும், தோற்ற பிள்ளையிடம் எந்த இடத்தில் விட்டாய் என்றும் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே இரண்டு வரியாவது அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி.