பேக்கன் எத்தனை நிமிடம் என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமாவுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

"அப்பா, பேக்கன் அவணில் எத்தனை நிமிடம்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். 5 மாதத்திற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் வரி. அம்மா உடனே "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டார். அதற்கு நீ பதில் போடவில்லை. நான் 3 நாளாக உனக்குப் பதில் போடவில்லை. தெரியாமல் இல்லை. 22 வருடம் விடிய 5 மணிக்கு அந்தக் கடைக் குசினிக்குள் போய் நான் முதலில் செய்த வேலையே அதுதான். ஒரு வரியில் பதில் போட்டால் நீயும் ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாய். போனில் கதைத்தால் நான் வேறு எதையாவது கேட்டு வைப்பேன். அதனால்தான் கடிதம். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். மெதுவாகவே வாசி.

முதலில் பக்கற்றைப் பார்த்து வாங்கு. வெள்ளையும் சிவப்பும் கோடு கோடாக ஓடும் நீளத் துண்டுகள்தான் உனக்குத் தேவை. அது பன்றியின் வயிற்றுப் பக்கம். 'பீமீல்' என்று போட்டிருப்பதைத் தெரியாமல் எடுத்துவிடாதே. அது முதுகுப் பக்கத்து இறைச்சி. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சோளமாவில் உருட்டி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் பட்டாணி மாவில் உருட்டினார்களாம், பெயர் அப்படி வந்தது. அதில் கொழுப்புக் குறைவு, எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுப்பு வராது, காய்ந்துதான் போகும். 'மேப்பிள்' என்று போட்ட இனிப்புப் பேக்கனும் முதல் தரம் வேண்டாம். சீனி கெதியாகக் கருகிவிடும். அதைச் செய்வதென்றால் சூட்டை 375க்குக் குறைக்க வேண்டும்.

இனிச் செய்யும் விதம். சுற்றிவர விளிம்பு உள்ள ட்ரே எடு. தட்டையான குக்கி ட்ரே வேண்டவே வேண்டாம், உருகிய கொழுப்பு வழிந்து அவணின் அடியில் விழுந்தால் புகை, பிறகு நெருப்பு. ட்ரேயில் பாச்மென்ட் பேப்பர் விரி. துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கு. எண்ணெய் ஒரு துளியும் ஊற்றாதே, அதற்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறது. அவணைச் சூடாக்காமலேயே ட்ரேயை நடுத்தட்டில் வைத்துவிட்டு, அதன் பிறகு 400க்குத் திருப்பு. நான் எழுதும் சூடெல்லாம் பரனைட். இந்தக் கனடாவில் குளிர் செல்சியஸில் வரும், அவண் மட்டும் பரனைட்டில் நிற்கும், அது உனக்குத் தெரியும்.

ஏன் குளிர்ந்த அவணில் வைக்கச் சொல்கிறேன் என்றால், சூடு மெல்ல ஏறும்போது முதலில் கொழுப்பு உருகி இறங்கும். இறைச்சி அந்தக் கொழுப்பிலேயே பொரிந்துவரும். எடுத்ததும் பெரும் சூட்டில் போட்டால் இறைச்சி சட்டென்று சுருங்கும், கொழுப்பு உருக நேரம் இருக்காது, துண்டு சுருண்டு ஓரம் கருகி நடு பச்சையாகவே நிற்கும். மெல்லிய துண்டுக்கு வைத்ததிலிருந்து 16 நிமிடத்தில் பார்க்கத் தொடங்கு. தடித்த துண்டென்றால் 20, 25 நிமிடம்கூடப் போகும். உன் அவணை நான் பார்த்ததில்லை. பாதியில் ட்ரேயை ஒரு தரம் முன்பின்னாகத் திருப்பி வை, எல்லா அவணிலும் ஒரு மூலை கூடச் சுடும்.

நிமிடத்தை நம்பாதே, காதை நம்பு. அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். எங்கள் கடையில் ஒரு பழைய போர்த்துக்கேயச் சமையல்காரர் இருந்தார். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்கும் அவ்வளவாக வராது. முதல் நாள் என் காதைத் தொட்டுக் காட்டி, அவண் கதவுக்குக் கிட்ட நிற்கவைத்தார். முதலில் தகரத்தில் மழை விழுகிற மாதிரிச் சடசட என்று கேட்கும். அது பேக்கனுக்குள் இருக்கும் தண்ணீர். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கி மெல்லிய இரைச்சலாகும். பெரிய குமிழிகள் போய், துண்டைச் சுற்றிச் சின்ன வெள்ளை நுரை எழும்பும். அதுதான் பதம். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று உனக்குத் தோன்றும்போதே வெளியே எடுத்துவிடு. பேப்பர் துவாயில் போட்டு 2 நிமிடம் ஆறவிட்டால்தான் மொறுமொறுப்பு வரும். அவணுக்குள்ளேயே மொறுமொறுப்பாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் கரிதான்.

எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதே. சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரித்தான் ஓடும், குழாய்க்குள் போய் ஆறியதும் மெழுகாக உறைந்து அடைத்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு, வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பிரிட்ஜில் வை. உருளைக்கிழங்கு பொரிக்க நல்லது. சிங்கில் மட்டும் ஊற்றாதே.

ஒரு ட்ரேயில் 12 துண்டு பிடிக்கும். ஒரு ஆளுக்கு அது கூடத்தான். முன்பு நீங்கள்

சரி, ஒரு ஆளுக்கு 4 துண்டு போதும். மிச்சத்தை முக்கால் பதத்தில் எடுத்து, ஆறவைத்து, மூடிப் பிரிட்ஜில் வை. கடையிலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். விடிய முக்கால் பதத்தில் எடுத்து அடுக்கிவிட்டு, ஓடர் வரவர இரும்புத் தட்டில் போட்டு முடிப்போம். நீயும் வேலையால் வந்து 2 துண்டைச் சட்டியில் போட்டால் 2 நிமிடத்தில் சாப்பிடலாம். ஒரு முட்டையும் போடு. பாணும் வை. வெறும் பேக்கனைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு ஆளுக்காக என்ன சமைப்பது என்று இருந்துவிடாதே, தம்பி. ஒரு ஆளுக்கும் வயிறு இருக்கிறது.

ஆனால் தினமும் வேண்டாம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இந்த மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் வரவைக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறதாம். அப்பப்பாவுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். கிழமைக்கு ஒருநாள், சனிக்கிழமை, அவ்வளவு போதும். மற்ற நாளில் பருப்பும் சோறும் வை. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் இருக்கிறதா? முடிந்திருந்தால் சொல், அது ஒரு சொல்தானே. அம்மாவுக்கு ஒரு சொல் எழுத உனக்கு எவ்வளவு நேரம் போகும்? ஒவ்வொரு நாளும் இரவு நீ கடைசியாக எத்தனை மணிக்கு வட்ஸ்அப்பில் வந்தாய் என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். போன கிழமை விடிய 3 மணி என்று காட்டியது. உங்கள் ஊரில் அது 1 மணி. மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் என்ன முழிப்பு என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல?

மண்டபத்திற்குக் கட்டிய காசைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொக்குவில் மாமிகூட ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றியும் இந்த வீட்டில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அவணை அணைக்க மறக்காதே. உள்ளே எண்ணெய் பற்றிக்கொண்டால் கதவைத் திறக்காதே, தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. அவணை அணைத்துவிட்டுக் கதவை மூடியபடியே விடு, காற்று இல்லாமல் தானாக அடங்கும். அடங்காவிட்டால் வெளியே வந்து 911க்கு அடி. புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைக்கிற வேலை வேண்டாம்.

அலாரம் என்று எழுதும்போதே உனக்கும் அந்த நாள் ஞாபகம் வந்திருக்கும். மார்க்கம் றோட் வீடு, 2001 பெப்ரவரி, என் பிறந்தநாள். உனக்கு 13 வயது. பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் ஒரு பக்கற் வாங்கி வந்து, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவணில் வைத்திருந்தாய். நான் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், வீடெல்லாம் புகை, அலாரம் கத்துகிறது. நீ ஒரு துவாயைப் பிடித்துக்கொண்டு கதிரையில் ஏறி நின்று விசிறுகிறாய். என்னைக் கண்டதும் சிரித்தாய். "அப்பா, உங்களுக்குத்தான்" என்றாய்.

நான் ட்ரேயோடு தூக்கிப் பின்கதவால் எறிந்தேன். பனி முழங்கால் உயரத்திற்குக் கிடந்தது. துண்டுகள் அங்கங்கே விழுந்தன, சூட்டுக் கொழுப்பு பனியில் சின்னச் சின்னத் துளையாக உருகி இறங்கியது. நீ வாசலில் சப்பாத்து இல்லாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாமியறை இருக்கிற வீட்டில் பன்றியா என்று கத்தினேன்.

அது பொய். அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று. சாமியறையில் ஒரு பிழையும் இல்லை. அந்த மணம்தான். 5 மணியிலிருந்து 2 மணிவரை அந்த மணத்தில் நின்றுவிட்டு, பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் இராமல் வந்து, பேஸ்மென்ற் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் நான் உங்களைத் தூக்குவேன். ஊரில் நான் கணக்கு வாத்தியார். உன் அப்பம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் கந்தோரில் வேலை என்றுதான் எழுதினேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நம்பினார். அன்று என் மகனின் கையில் அந்த ட்ரேயைக் கண்டதும், எதை வீட்டுக்குள் வரவிடக்கூடாது என்று நினைத்தேனோ அது வந்து நிற்கிறது என்று தோன்றியது. நீ எனக்காகச் செய்தாய் என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவேயில்லை.

எறிந்ததுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நான் 9 நாள் உன்னோடு கதைக்கவில்லை. நீ பக்கத்தில் வந்து நிற்பாய், நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள் நீ வருவதை விட்டுவிட்டாய். நான் ஒன்றும் சொல்லாமல் சாதாரணமாகக் கதைக்கத் தொடங்கினேன். நீயும் ஒன்றும் கேட்கவில்லை. மனம் நொந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று உனக்குப் பழக்கியது நான்தான், ராசா. இந்த 5 மாதமும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னில் ஒரு பிழையும் இல்லை.

உன் யூனிவர்சிட்டிக்குக் காசு கட்டியது அந்த ட்ரேக்கள்தான். அதை நான் மறைத்திருக்கத் தேவையில்லை. நீ பாலம் கட்டுகிறவன் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்கிறேன். நான் என்ன வேலை செய்தேன் என்பதையும் இப்போது சொல்கிறேன்.

நேற்று அக்காவோடு போய் ஒரு பக்கற் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டு அவணில் வைத்துப் பார்க்காமல் உனக்கு நிமிடம் எழுத மனம் வரவில்லை. அம்மா சாமியறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து குசினியில் கதிரை போட்டு இருந்தார். 8 துண்டு வைத்தேன். சரியாக 17 நிமிடம். ஓரம் லேசாகச் சுருங்கி, தேன் நிறத்தில், கையால் உடைத்தால் டக்கென்று உடைந்தது. அம்மா ஒரு சின்னத் துண்டு வாயில் போட்டுவிட்டு உப்புக் கூட என்றார். சின்னவள் 4 துண்டு சாப்பிட்டாள்.

நடுத்தட்டு, குளிர்ந்த அவண், 400. சிங்கில் ஊற்றாதே.

எனக்கு இப்போதும் விடிய 4 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் அப்போது 2 மணி. நீயும் முழித்திருந்தால் போன் எடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அவண் கதவுக்குக் கிட்டப் போனைப் பிடி, சத்தத்தைக் கேட்டு எப்போது எடுக்கவேண்டும் என்று இங்கிருந்தே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா