பச்சை நிறத்துக்குப் பின்னால் 20 லிட்டர்

அன்புத் தம்பிக்கு,

பி.கே.யு. (ஃபீனைல்கீட்டோனூரியா) என்ற பிறவி நோயைப் பற்றி நீ அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தேன். மூன்றாவதில் இப்படி இருக்கிறது: "1934, நார்வே. ஃபோலிங் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார், பச்சையானது. தற்செயல் கண்டுபிடிப்பு." பச்சையானது உண்மைதான். ஆனால் பச்சை எதனால் வந்தது என்று அந்த நிமிடம் அவருக்கும் தெரியாது. மீதி வேலைதான் பெரிது. அதை நீ விட்டுவிட்டாய்.

முதலில் ஆளைப் பற்றி. ஆஸ்பியோர்ன் ஃபோலிங் 1888இல் நார்வேயின் ட்ரோண்டெலாக் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ட்ரோண்ட்ஹைமில் வேதியியல் முடித்தது 1916இல். ஆஸ்லோவில் மருத்துவம் முடித்தது 1922இல். இந்த வரிசையைக் கவனி. நோயாளியின் சிறுநீரை எந்த டாக்டரும் சோதிப்பார். அதிலிருந்து தெரியாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைச் சொல்ல, வேதியியல் கை வேண்டும்.

மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளுடன் ஒரு தாய் அவரிடம் வந்தார். மகளுக்கு ஆறு வயது தாண்டியிருந்தது, மகனுக்கு நாலு. பிள்ளைகளிடம் ஒரு விநோத வாடை அடிக்கிறது என்று பல டாக்டர்களிடம் சொல்லியும் யாரும் பொருட்படுத்தவில்லை. ஃபோலிங் செய்தது அன்றாடச் சோதனைதான். கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விடுவது அப்போதைய வழக்கம். அசிட்டோ அசிட்டிக் அமிலம் என்ற கீட்டோன் இருந்தால் செம்பழுப்பு வரும். இங்கே வந்ததோ அடர் பச்சை. சில நிமிடத்தில் அதுவும் மங்கிப் போனது.

இந்த இடத்தில் அவசரக்காரர் தவறுவார். ஃபெரிக் குளோரைடு பலதுக்கும் நிறம் காட்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் சிறுநீர்கூட ஊதாவாகும். அதனால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். திரும்பவும் பச்சை. அப்படியானால் அது மருந்து அல்ல, உடம்பே உண்டாக்குவது.

பிறகு சுமார் இரண்டு மாதம். அந்தத் தாய் கொண்டுவந்து கொடுத்த சிறுநீர் ஏறத்தாழ 20 லிட்டர். அதை அமிலமாக்கி ஈதரில் பிரித்தெடுத்தபோது ஒரு சிக்கல்: பொருள் காற்றுபட்டால் ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுப்போகிறது. காற்றை ஒதுக்கி, நைட்ரஜனுக்குள் வைத்து வேலை செய்தார். கடைசியில் சுத்தமான படிகம் கிடைத்தது. பகுப்பாய்வில் வாய்பாடு C₉H₈O₃, உருகுநிலை சுமார் 155 டிகிரி செல்சியஸ்.

இதை வைத்து எப்படி அந்தப் பொருளை அடையாளம் கண்டார் என்பதை ஸ்லைடில் நீ வரைந்தே காட்டலாம். படிகத்தை ஆக்சிஜனேற்றினார்; பென்சாயிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் வந்தன. முதலாவதில் 7 கார்பன், இரண்டாவதில் 2. கூட்டினால் 9, கணக்கு சரி. வளையம் உள்ள பகுதி வெறும் பென்சாயிக் அமிலமாக வந்ததால், பென்சீன் வளையத்தில் ஒரே ஒரு பக்கச் சங்கிலி, ஹைட்ராக்சில் (OH) எதுவும் ஒட்டியில்லை. எல்லாம் ஃபீனைல் பைருவிக் அமிலத்தைத்தான் காட்டின.

அதோடும் விடவில்லை, கலப்பு உருகுநிலை பார்த்தார். தெரிந்த ஃபீனைல் பைருவிக் அமிலத்தைத் தன் படிகத்தோடு கலந்து சூடாக்குவது. இரண்டும் வேறு வேறு என்றால் ஒன்று மற்றதற்கு அழுக்கு மாதிரி, உருகுநிலை இறங்கும். இங்கே இறங்கவில்லை. மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி இல்லாத காலத்தில் இது மிக உறுதியான சான்று.

அப்புறம்தான் ஆஸ்லோ வட்டாரத்தில் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தார். இன்னும் எட்டுப் பேருக்குப் பச்சை. 1934இல் ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அதில் அவர் வைத்த பெயர் 'இம்பெசிலிடாஸ் ஃபீனைல்பைருவிகா'. உன் ஸ்லைடில் உள்ள 'ஃபீனைல்கீட்டோனூரியா' பின்னால் பிரிட்டிஷ் மரபியலாளர் பென்ரோஸ் தரப்பு வைத்தது, திருத்திக்கொள். உணவுக் கட்டுப்பாட்டு வைத்தியமும் ஃபோலிங்குடையதல்ல. 1950களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் பிக்கெல் என்ற டாக்டரின் குழு செய்தது.

அந்த வாடைக்கும் ஒரு வரி ஒதுக்கு. புரதத்தில் உள்ள ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தைரோசின் என்ற இன்னொன்றாக மாற்றும் நொதி வேலை செய்யாததால் ஃபீனைல் அலனின் இரத்தத்தில் தேங்கி, ஒரு பங்கு ஃபீனைல் பைருவிக் அமிலமாகவும் ஃபீனைல் அசிட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. எலி வாடை இரண்டாவதால் வருவது. தாயின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கடைசி ஸ்லைடில் "இன்றும் எளிய சோதனை" என்று பச்சைக் குழாயின் படத்தைப் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. பிறந்த முதல் சில நாளில் ஃபீனைல் பைருவிக் அமிலம் சிறுநீரில் தலைகாட்டாது. சில வாரம் கழித்துத்தான் வரும், அதற்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். நேரம் கடந்த சிறுநீரில் அமிலம் சிதைந்து, நோய் இருந்தும் பச்சை வராமல் போகும். அதனால்தான் 1960களில் கத்ரி முறை வந்தது: குதிகாலில் குத்தி எடுத்த இரத்தச் சொட்டை வடிதாளில் உலர்த்தி, ஃபீனைல் அலனினையே அளப்பது. குழாய் இருந்த இடத்தில் அந்தத் தாளின் படத்தைப் போடு.

அன்புடன்,
அண்ணன்