அம்புக்குறி ஐரோப்பாவுக்கு, பாடு பவர் டேபிளில்

ஆசிரியருக்கு வணக்கம்.

பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் புதுச் சந்தை தேடுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவைக் காட்டிய அம்புக்குறியை ஐரோப்பா பக்கம் திருப்பி ஒரு படமும் போட்டிருந்தீர்கள். படத்தில் சுலபமாகத்தான் இருக்கிறது. திருப்பூரில் இருபது தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பவன் நான். எங்கள் மாதிரி யூனிட்டைத்தான் பவர் டேபிள் என்பார்கள். விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்க ஆர்டர் என்றால் பெரும்பாலும் பீஸ் அதிகம், ஸ்டைல் குறைவு. ஒரே டி-சர்ட்டை வாரக்கணக்கில் தைப்போம். மூன்றாம் நாள் டெய்லருக்குக் கை பழகிவிடும், அப்புறம் கவலையில்லை. ஐரோப்பிய ஆர்டரில் பீஸ் குறைவு, ஸ்டைலும் கலரும் அதிகம். கை பழகும் நேரத்தில் அந்த ஸ்டைலே முடிந்துவிடும். நூல் மாற்றி, மெஷின்களை இடம் மாற்றிப் போட்டு, முதல் பீஸ் ஓகே ஆவதற்குள் அரை ஷிப்ட் போயிருக்கும். தைத்த பீஸுக்கு மட்டுமே கூலி என்கிற பீஸ் ரேட்டில் அந்த அரை ஷிப்டுக்குக் காசு கிடையாது.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் அவர் இங்கே டிஸ்கவுண்ட் கேட்பார். இங்குள்ளவர் தையல் கூலியில் கை வைப்பார். எனக்குக் கீழே கை வைக்க ஆளில்லை, டெய்லர்களைத் தவிர.

பருத்தியை விட்டுப் பாலியஸ்டருக்கு மாறுங்கள் என்ற யோசனையும் கட்டுரையில் இருந்தது. பருத்திக்குச் சாயம் ஏற்ற 60 டிகிரி சூடு போதும். பாலியஸ்டருக்கு 130 டிகிரி, அதுவும் அழுத்தம் தாங்கும் மெஷினில். 2011 உயர் நீதிமன்ற உத்தரவால் மூடிக் கிடந்து, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கக் கடன் வாங்கிய சாயப்பட்டறைக்காரர் அதை எந்தப் பணத்தில் வாங்குவார்?

சந்தை மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு கட்டியிருந்த கோட்டா முறை 2005-ல் போனபோதும் இந்த ஊர் மாறியது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் நல்ல விஷயம்தான். வங்கதேசத்துச் சரக்கு அங்கே வரியில்லாமல் போய்க்கொண்டிருக்க, நாம் வரியோடு போட்டி போட்டோம். ஆனால் உங்கள் கட்டுரையில் பேசியவர்கள் எல்லாரும் ஏற்றுமதியாளர்களும் ஆலோசகர்களும். அடுத்த முறை ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்கும் வாருங்கள். ஸ்டைல் மாறும் நாளாகப் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.