நடுத்தையல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒட்டுப் போர்வைதான். இரண்டு வருஷமாக "இதோ முடிக்கிறேன்" என்று உன்னிடம் கதைவிட்டேனே, அதேதான். போன ஞாயிறு ராத்திரி கடைசி முடிச்சைப் போட்டேன்.

நீளவாக்கில் 12, அகலவாக்கில் 9, ஆக 108 சதுரம். ஆறரை அங்குலமாக வெட்டினால் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய் ஆறு நிற்க வேண்டும். கணக்கெல்லாம் சரி, கைதான் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டு சதுரம் சேர்ந்ததும் வரிசை ஒன்றரை அங்குலம் குட்டை! உட்கார்ந்து பிரித்தேன். பிரித்த நூலைப் பாட்டி அட்டையில் சுற்றிவைப்பாளே, நினைவிருக்கிறதா? வந்த கவரை உள்பக்கம் வெளியே திருப்பி ஒட்டுவாள். கரைந்துபோன சோப்புச் சில்லைப் புதுசின் முதுகில் அப்பிவிடுவாள். நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

பழைய துணியில் கத்தரி வைத்த பிறகுதான் அவள் கெட்டிக்காரத்தனம் எனக்குப் புரிந்தது. அப்பாவின் சட்டையில் காலரும் முழங்கையும் நைந்துபோயிருக்கின்றன. கால்சட்டைக்குள் செருகிய கீழ்ப்பகுதி மட்டும் நிறம்கூட மங்காமல் கெட்டியாக இருக்கிறது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை விலகாத இடமாகத் தேடி வெட்டினேன். அப்படியும் அம்மாவின் பழைய பாவாடைத் துண்டு ஒன்று பக்கத்திலிருந்த புதுத்துணி இழுத்ததில் கிழிந்துவிட்டது. சிவப்புத் துணி ஒன்று சாயம்விட்டு, மூன்று சதுரம் வெளிர் ரோஜாவாகிவிட்டன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன், அழகாகத்தான் இருக்கிறது.

சிக்கனத்தின் நினைவாக என்று ஆரம்பித்ததற்கு ஆன செலவை மட்டும் கேட்காதே. நடுவில் வைக்கும் பஞ்சுவிரிப்பு, நல்ல நூல், வட்டக்கத்தி எல்லாம் புதுசு. கடையில் ரெடிமேட் போர்வை இரண்டு வாங்கியிருக்கலாம்.

அடித்துணி மட்டும் பாட்டியின் படுக்கைவிரிப்பு. விரிப்பு நடுவில் நைந்ததும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கெட்டியான ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டிவிடுவாள். நைந்த பகுதி ஓரத்துக்குப் போய்விடும், இன்னும் சில வருஷம் ஓடும். அந்த நடுத்தையல் முதுகில் உறுத்தும் என்று நான் அழுதிருக்கிறேன். இப்போது அதைப் பிரிக்க மனசு வரவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஊசி இறங்க மறுத்தது, இரண்டு ஊசி உடைந்தது. முடிச்சை மறைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். மேல்துணியில் குத்தி வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு 'டப்'பென்று உள்ளே போய்ப் பஞ்சில் பதுங்கிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே நூலை அடிக்கடி முடித்தேன் என்றால் நம்புவாயா?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளைக்கூடப் போர்வையாகத் தைத்திருக்கிறார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவை அவை. 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், 2006-ல் தபால்தலையாகவும் வந்தன. என் மகளும் இதைச் சுவரில் மாட்டலாம் என்கிறாள். பாட்டி இருந்தால், "ஏன், சுவருக்கா குளிருது?" என்று கேட்டிருப்பாள்.

புதன்கிழமை தம்பி வந்தான். மேல்பக்கத்தை ஒப்புக்குப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றான். அப்புறம் போர்வையைப் புரட்டினான். கை நடுத்தையல்மேல் போய் நின்றது. சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே விரிப்பில் படுப்போம், அந்தத் தையல்தான் எல்லைக்கோடு. யார் கால் தாண்டினாலும் உதை நிச்சயம். கொஞ்ச நேரம் பேசாமல் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இதுல உன் பக்கம் எது அக்கா?" என்றான்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை என்னிடம் மட்டும் சொல்கிறாயா? மறுபடி தலைகாட்டாமல் இருந்துவிடாதே, எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரி